கேட்டது ஒன்று, விளங்கியது ஒன்று

எப்போதும் பனி மூடிக் கிடக்கும் தூர வடக்கில் உள்ள கரடிகள் எல்லாம் வெள்ளை நிறமானவை. நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே எப்போதும் பனிதான். அப்படியானால் அங்குள்ள கரடிகளின் நிறம் என்ன?

இதை வாசிக்கும் மாணவியர் எல்லோரும் "வெள்ளை" என்று உடனே சொல்லிவிடுவார்கள். உயர்தரத்தில் அளவையியல் படிப்பவர்கள், இது எடுகூற்றுகளிலிருந்து முடிவுக்கு வரும் நியாயத் தொடை என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால், 1930களின் ஆரம்பத்தில் மத்திய ஆசியாவின் கிராமம் ஒன்றில், எழுத வாசிக்கத் தெரியாத ஒரு விவசாயியிடம் இதே கேள்வியைக் கேட்டபோது அவர் "வெள்ளை" என்று சொல்லவில்லை. தான் கறுப்புக் கரடியைத்தான் கண்டிருப்பதாகவும், வேறு நிறத்தில் கண்டதில்லை என்றும், ஒவ்வோர் இடத்துக்கும் அதற்குரிய மிருகங்கள் உண்டு என்றும் கூறினார். மீண்டும் மீண்டும் கேட்டபோது, தாங்கள் கண்டதைப் பற்றி மட்டுமே பேசுவார்கள், காணாததைப் பற்றிப் பேசுவதில்லை என்றார்.

அந்த விவசாயிக்குச் சிந்திக்கத் தெரியாதா? அல்லது, அவருக்குச் சிந்திக்கத் தெரியாது என்று முடிவு கட்டும் எமக்குத்தான் ஏதோ தெரியவில்லையா? நாளாந்தம் பரீட்சைகளாலும் புள்ளிகளாலும் அளக்கப்படும் மாணவியருக்கும் அவர்களது பெற்றோருக்கும் இது சிறிய கேள்வியல்ல.

உஸ்பெகிஸ்தானில் நடந்த ஆய்வு

இக்கேள்வியைக் கேட்டவர்கள் ரஷ்ய உளவியலாளர் அலெக்ஸாண்டர் லூரியாவும் அவரது குழுவினரும். 1931ஆம், 1932ஆம் ஆண்டுகளில் அவர்கள் உஸ்பெகிஸ்தானுக்கும் கிர்கிஸியாவுக்கும் சென்றார்கள். சோவியத் அரசாங்கம் அப்போது அங்கே கூட்டுப் பண்ணைகளையும் எழுத்தறிவு வகுப்புகளையும் உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒரே ஊரிலேயே எழுத்தறியாதவர்களும், சில மாத வகுப்புகளுக்குச் சென்றவர்களும், ஆசிரியப் பயிற்சி பெற்றுவரும் பெண்களும் வாழ்ந்தார்கள். வாழ்க்கை முறை மாறும்போது சிந்திக்கும் முறையும் மாறுகிறதா என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று லூரியா கருதினார்.

ஆய்வில் பங்குகொண்டவர்களில் ஒரு பகுதியினர், 'இச்கரி' எனப்படும் வீட்டின் பெண்கள் பகுதியில் வாழ்ந்த முஸ்லிம் பெண்கள். அந்நிய ஆண்கள் அங்கே நுழைய முடியாது என்பதால், பெண் ஆய்வாளர்களே உள்ளே சென்று அவர்களுடன் உரையாடினார்கள். வட்டம், முக்கோணம், சதுரம் போன்ற உருவங்களைக் காட்டி, இவை என்ன என்று கேட்டபோது, கேத்திர கணிதப் பெயர்கள் எதுவும் வரவில்லை. வட்டத்தைத் தட்டு, அரிதட்டு, நிலவு என்றார்கள். முக்கோணத்தைக் கழுத்தில் அணியும் தாயத்து என்றார்கள். சதுரம் அவர்களுக்குக் கண்ணாடியாகவும் கதவாகவும் தெரிந்தது. பல நிற நூல்களைக் காட்டியபோது பிஸ்தாக் கொட்டை நிறம், பூத்த பருத்தியின் நிறம், வானத்தின் நிறம் என்று தாம் அன்றாடம் காணும் பொருள்களின் பெயர்களையே சொன்னார்கள். இவற்றைச் சில குவியல்களாகப் பிரியுங்கள் என்றபோது, ஒன்றுபோல் மற்றொன்று இல்லையே, எப்படிச் சேர்ப்பது என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். இவர்கள் தையல் வேலைப்பாட்டில் கைதேர்ந்தவர்கள். நூலின் நிறம் சற்று மாறினாலும் பூவேலை கெட்டுவிடும் என்று அறிந்த கண்களுக்கு, வேறு வேறு சிவப்புகளை எல்லாம் 'சிவப்பு' என்று ஒரே குவியலில் போடுவது திறமையாகப் பட்டிருக்காது.

இன்னொரு சோதனை இது. சுத்தியல், வாள், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கில் ஒன்றை நீக்க வேண்டும். பாடசாலை சென்றவர் மரக்கட்டையை நீக்குவார். ஏனைய மூன்றும் கருவிகள் அல்லவா? எழுத்தறியாத விவசாயிகளோ நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றார்கள். வாள் கட்டையை அறுக்கும், கோடரி பிளக்கும். கட்டை இல்லாவிட்டால் கருவிகளுக்கு என்ன வேலை? வேறொருவர் கட்டையை நீக்கினார் என்று சொன்னபோது, அவரிடம் விறகு நிறைய இருக்கும் போலும் என்று ஒருவர் பதில் சொன்னார்.

வகைப்படுத்துவதையும் எடுகூற்றிலிருந்து முடிவு காண்பதையும் பாடசாலைக் கல்வியும் புதிய வாழ்க்கை முறையுமே வளர்க்கின்றன, அவை பிறப்பிலேயே வருவனவல்ல என்பது லூரியாவின் முடிவு. ஓரிரு ஆண்டுகள் படித்தவர்களிடமே பெரிய மாற்றம் தெரிந்தது. ஆனால், இந்த ஆய்வு சிறுபான்மை மக்களை இழிவுபடுத்துகிறது என்ற கண்டனம் சோவியத் நாட்டிலேயே எழுந்தது. அதனால் அது முழு நூலாக வெளிவர 1974ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மறுப்பிலும் ஒரு தர்க்கம்

கரடிக் கேள்விக்கு வந்த பதிலை இன்னொரு முறை பார்ப்போம். கண்டவர்தான் சொல்ல முடியும். நான் காணவில்லை. ஆகவே நான் சொல்ல முடியாது. இதுவும் ஒரு நியாயத் தொடைதானே! இரண்டு எடுகூற்றுகளும் ஒரு முடிவும் ஒழுங்காக இருக்கின்றன. அந்த விவசாயி தர்க்கத்தைக் கைவிடவில்லை. முன்பின் அறியாத ஒருவர் சொன்ன எடுகூற்றை நம்பி, தான் காணாத விடயத்துக்குப் பொறுப்பேற்க மறுத்தார்.

நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்கும் ஒருவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தானே? நீர் நேரில் கண்டதை மட்டும் சொல்லும் என்றே அவரிடம் கேட்கிறோம். அங்கே கேள்விப்பட்டதை வைத்து முடிவு சொல்பவர் நல்ல சாட்சியல்லர். விவசாயியின் காதில் ஆய்வாளரின் கேள்வி சாட்சியத்துக்கான கேள்வியாக விழுந்தது. ஆய்வாளரோ அதை ஒரு புதிராகக் கேட்டார். புதிரில் கரடியும் இல்லை, வடக்கும் இல்லை. சொல்லப்பட்டவற்றை மட்டும் உண்மை என்று வைத்துக்கொண்டு முடிவு சொல்ல வேண்டும். இந்த விதியை எமக்கு யார் கற்றுத் தந்தார்கள்? பாடசாலைதான். கணக்குப் புத்தகத்தில் ஒருவர் 60 தர்ப்பூசணி வாங்கினார் என்றால், ஒரு மனிதருக்கு எதற்கு இத்தனை என்று நாம் கேட்பதில்லை. அப்படிக் கேட்கக் கூடாது என்பதைச் சிறு வயதிலேயே, எவரும் சொல்லாமலே, கற்றுக்கொண்டுவிட்டோம்.

அறிவாளி எப்படிச் செய்வார்?

1960களில் மைக்கேல் கோல் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியாவில் க்பெல்லே இன மக்களிடையே வேலை செய்தார்கள். உணவு, உடை, கருவி, பாத்திரம் ஆகிய வகைகளைச் சேர்ந்த 20 பொருள்களை முன்னால் வைத்து, சேரவேண்டியவற்றைச் சேருங்கள் என்றார்கள். கத்தியைத் தோடம்பழத்தோடும், மண்வெட்டியைக் கிழங்கோடும் வைப்பதே அங்கே வழக்கமாக இருந்தது. கத்தி தோடம்பழத்தை வெட்டும், மண்வெட்டி கிழங்கைத் தோண்டும்.

அக்குழுவைச் சேர்ந்த ஜோசப் கிளிக் பின்னர் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்தார். அறிவுள்ள மனிதர் இப்படித்தான் செய்வார் என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பொருள்களை மேற்சொன்னவாறு அடுக்கினார். சரி, ஒரு முட்டாள் எப்படிச் செய்வான் என்று கேட்டார்கள். உடனே அவர் உணவையெல்லாம் ஒரு பக்கம், கருவிகளையெல்லாம் ஒரு பக்கம் என்று, ஆய்வாளர்கள் எதிர்பார்த்தபடியே பிரித்து வைத்தார்!

அவரால் வகைப்படுத்த முடியாமல் இருக்கவில்லை. வகைப்படுத்துவதுதான் அறிவு என்று அவரது ஊரில் எவரும் கருதவில்லை, அவ்வளவுதான். எமது குசினியையே எடுத்துக்கொள்வோம். தேங்காய், திருவலை, மீன், கத்தி ஆகிய நான்கையும் இரண்டு சோடிகளாக்கு என்று பரீட்சைத்தாள் கேட்டால், மாணவி தேங்காயையும் மீனையும் 'உணவு' என்று சேர்ப்பாள். இதையே உம்மாவிடம் கேட்டால் தேங்காயைத் திருவலையோடும் மீனைக் கத்தியோடும் சேர்ப்பார். சமைக்க வேண்டியவர் அவர்தானே! இருவரில் யாருக்கும் மூளை குறைவில்லை. மாணவி பெயர்களை ஒழுங்குபடுத்தினாள். உம்மா வேலையை ஒழுங்குபடுத்தினார்.

ஓதக் கற்றவரும் எழுதக் கற்றவரும்

பாடசாலை கற்றுத் தருவது எது, எழுத்தறிவு கற்றுத் தருவது எது? லூரியாவின் ஆய்வில் இவை இரண்டும் கலந்திருந்தன. இவற்றைப் பிரித்துப் பார்க்க, சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் 1970களில் லைபீரியாவின் வாய் இன மக்களிடம் சென்றார்கள். வாய் மக்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். அவர்களுக்கென்று 19ஆம் நூற்றாண்டில் உருவான ஒரு தனி எழுத்து முறை உண்டு. அதைப் பாடசாலையில் அல்லாமல் உறவினர், நண்பர் மூலம் கற்று, கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் பயன்படுத்துவார்கள். வேறு சிலர் குர்ஆன் மத்ரஸாவில் அரபு எழுத்தைக் கற்றவர்கள். இன்னும் சிலர் அரசாங்கப் பாடசாலையில் ஆங்கிலம் படித்தவர்கள்.

முடிவுகள் 1981இல் நூலாக வெளிவந்தன. எழுத்தறிவு பெற்ற எல்லோரும் எல்லாவற்றிலும் சிறந்து விளங்கவில்லை. நியாயத் தொடைக்கு விடை கண்டு அதற்குக் காரணம் சொல்வதில் பாடசாலை சென்றவர்கள் முன்னின்றார்கள். வாய் எழுத்தில் கடிதம் எழுதிப் பழகியவர்கள், ஒரு விளையாட்டை அதை அறியாத ஒருவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதில் சிறந்திருந்தார்கள். தூரத்தில் இருப்பவருக்கு எழுதும்போது அவருக்கு எது தெரியாது என்று யோசித்துத்தானே எழுத வேண்டியிருக்கிறது? குர்ஆன் ஓதக் கற்றவர்கள், ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிச் செல்லும் ஒரு பட்டியலை வரிசை மாறாமல் நினைவில் வைத்துக்கொள்வதில் மேலோங்கி நின்றார்கள். ஆயத்து ஆயத்தாகச் சேர்த்து மனனமிடும் பிள்ளைகளைக் கண்டு வளர்ந்த எமக்கு இதில் வியப்பு இருக்காது. ஆனால், நினைவாற்றலைச் சோதிக்கும் எல்லாப் பயிற்சிகளிலும் அவர்கள் அப்படி முன்னிற்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எதைப் பழகுகிறோமோ அதுவே கூர்மையடைகிறது.

தெருவில் 140, தாளில் 200

ஒரே ஊரில், ஒரே பிள்ளையிடம்கூட இடம் மாறினால் விடை மாறலாம். பிரேஸிலின் ரெசிஃபே நகரில் தெருவோரம் தேங்காயும் பழமும் விற்கும் பிள்ளைகள் ஐவரை மூன்று ஆய்வாளர்கள் சோதித்து, 1985இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் வயது 9 முதல் 15 வரை. முதலில் ஆய்வாளர்கள் பொருள் வாங்க வந்தவர்கள்போல நின்று விலை கேட்டார்கள். 63 கேள்விகளில் 98 சதவீதத்துக்குச் சரியான விடை வந்தது. பின்னர் அதே கணக்குகளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, பாடசாலை முறையில் கேட்டார்கள். கதை வடிவில் கேட்ட கணக்குகளில் சரியானவை 74 சதவீதமாகக் குறைந்தன. வெறும் எண்களாகக் கொடுத்தவற்றிலோ 37 சதவீதம்தான் சரி.

ஒரு சிறுவனிடம் 35 குரூசைரோ விலையுள்ள நான்கு தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்றுக்கு 105, அதோடு 30 சேர்ந்தால் 135, முடிவில் 140 என்று வாயாலேயே கூட்டிச் சொல்லிவிட்டான். பிறகு தாளில் 35 × 4. நாலைந்து இருபது, மனதில் இரண்டு, இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்நான்கு இருபது. விடை 200 என்று எழுதினான். தெருவில் நான்கு தேங்காய்க்கு 200 கேட்டிருந்தால், வாங்க வந்தவர் சும்மா விட்டிருப்பாரா? அவனே அப்படிக் கேட்டிருக்கவும் மாட்டான். தெருவில் எண்கள் அவனுக்குத் தேங்காயாகவும் காசாகவும் இருந்தன. தாளில் அவை, யாரோ சொல்லித் தந்த படிகளை வரிசையாகச் செய்து முடிக்க வேண்டிய வெறும் கோடுகளாகிவிட்டன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 35ஐ நான்கால் பெருக்கினால் ரெசிஃபேயிலும் 140தான், ஏறாவூரிலும் 140தான். கலாசாரம் மாறினால் உண்மையும் மாறிவிடும் என்பது இந்த ஆய்வுகளின் பொருளல்ல. கேள்வியை ஒருவர் எப்படி விளங்கிக்கொள்கிறார், எந்த அறிவை எடுத்து அதற்கு விடை தேடுகிறார் என்பவையே மாறுகின்றன. பல வேளைகளில் நாம் பிழை என்று கோடு கிழிக்கும் விடை, நாம் கேட்காத வேறொரு கேள்விக்கான சரியான விடையாக இருக்கும்.

இரண்டாம் தடவை கேட்டால்

பெற்றோருக்கு மிக நெருக்கமான உதாரணம் சிறு பிள்ளைகளைப் பற்றியது. சம எண்ணிக்கையுள்ள வில்லைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, இரண்டிலும் ஒரே அளவா என்று கேட்பார்கள். பிள்ளை ஆம் என்னும். பிறகு ஆய்வாளர் ஒரு வரிசையை நெருக்கியோ விரித்தோ வைத்துவிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இப்போது ஒன்றில் கூட இருக்கிறது என்பார்கள். இந்த வயதில் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை மாறாது என்ற அறிவு வளரவில்லை என்று சுவிஸ் அறிஞர் ஜீன் பியாஜே முடிவு செய்திருந்தார்.

1970களில் ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். வரிசையைக் குலைப்பது ஆய்வாளர் அல்ல. பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்து குழப்படி செய்யும் ஒரு பொம்மைக் கரடி! இப்போது பெரும்பாலான பிள்ளைகள் ஒரே அளவுதான் என்று சரியாகச் சொன்னார்கள். ஏன் இந்த வித்தியாசம்? பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியைக் கேட்டால், ஏதோ மாறியிருக்க வேண்டும், முதலில் சொன்ன விடை இனிச் செல்லாது என்று பிள்ளை நினைக்கிறது. பொம்மை தற்செயலாகக் குலைத்தால் கேள்வி உண்மையான கேள்வியாகிறது. பிள்ளை வில்லைகளை மட்டும் பார்க்கவில்லை. கேட்பவரின் முகத்தையும் நோக்கத்தையும் சேர்த்தே வாசிக்கிறது.

எமது வீடுகளிலும் இது நடக்கிறது. வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளையிடம் "வடிவா யோசிச்சுச் சொல்லுங்க, சரியா இது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சரியான விடையையும் அழித்துவிட்டு வேறொன்றை எழுதும். "ஏன் இப்படிச் செய்தீங்க?" என்பது சொல்லளவில் கேள்விதான், ஆனால் பிள்ளையின் காதில் அது ஏச்சாகவே விழுகிறது. விடை வராது, தலைதான் குனியும்.

நாம் செய்யக்கூடியவை

மாணவியருக்கு முதலில் ஒரு சொல். பரீட்சை மண்டபம் ஒரு தனி ஊர். அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. 'பட்டியலிடுக' என்றால் பெயர்கள் போதும். 'விளக்குக' என்றால் காரணம் வேண்டும். 'ஒப்பிடுக' என்றால் இரண்டையும் அருகருகே வைத்துப் பேச வேண்டும். தரப்பட்ட பந்தியிலிருந்து விடை எழுதச் சொன்னால், உங்களுக்கு வேறு இடத்தில் தெரியவந்த உண்மையை அங்கே எழுதிப் பயனில்லை. நன்றாகப் படித்தும் புள்ளிகள் குறைவது பல வேளைகளில் அறிவுக் குறைவால் அல்ல. கேட்டது ஒன்று, விளங்கியது ஒன்று என்பதால்தான். இந்த வழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அது கற்கக்கூடியது என்பதற்கு, ஓரிரு ஆண்டுகளிலேயே அதைக் கற்றுக்கொண்ட உஸ்பெகிஸ்தான் பெண்களே சான்று. ஆனால், அந்த வழக்கம் தெரியாதவர்களை அறிவில்லாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தரம் ஐந்தோடு படிப்பை நிறுத்திய உம்மம்மா நியாயத் தொடைக்கு விடை சொல்லாமல் விடலாம். அளவுக் கரண்டி இல்லாமல் ஐம்பது பேருக்குப் புரியாணிக்கு உப்புப் போடத் தெரிந்த அவரது கணக்கை, எந்த வினாத்தாளும் இதுவரை கேட்டதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் விடை பிழையாகத் தெரிந்தால், சிவப்புப் பேனையை எடுப்பதற்கு முன் "எப்படி யோசிச்சு இதுக்கு வந்தீங்க, மகள்?" என்று அமைதியாகக் கேளுங்கள். பிழையான படியைச் செய்திருந்தால் அது எந்தப் படி என்று தெரிந்துவிடும். கேள்வியை வேறுவிதமாக விளங்கியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். இரண்டுக்கும் தேவையான உதவி வேறு வேறு. தாளில் 200 எழுதிய அந்தத் தேங்காய்ச் சிறுவனுக்கு வேண்டியிருந்தது தண்டனையல்ல, "இதே தேங்காயைத் தெருவில் விற்றால் எவ்வளவு கேட்பாய்?" என்ற ஒரு கேள்விதான்.